நூலின் பாலையும் திரையின் பாலையும்: ‘அறிவின் ஏழு தூண்க’ளும் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வும்

வழிநூல் எத்தனை வகைப்படும் என்பதைத் தொல்காப்பிய மரபியல் எடுத்துரைக்கிறது. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகை. வழிநூல் செய்வோன் தனக்கு வேண்டிய வேறுபாடுகளைச் செய்துகொள்ள நன்னூலாரும் இடங்கொடுக்கிறார். ஆனால் முதல்நூலின் முடிபோடு அது மாறுபடலாகாது என்பது அவர் இடும் வரம்பு. ஏட்டிலிருந்து ஏட்டிற்குச் செல்லும் ஆக்கத்தை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட இவ்விலக்கணம், ஏட்டிலிருந்து வெண்திரைக்குச் செல்லும் ஆக்கத்திற்கும் வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. ஆயிரம் பக்கக் கதையை மூன்று மணி நேரத்திற்குள் அடக்குபவர் தொகுக்கத்தான் வேண்டும். ஒரு வரியில் வரும் பாலைவனப் பயணத்தைக் கால் மணி நேரக் காட்சியாக்குபவர் விரிக்கத்தான் வேண்டும். சொல்லைக் காட்சியாக்குவது ஒருவகை மொழிபெயர்ப்பே. எனவே, ‘படத்தில் கதையை மாற்றிவிட்டார்கள்’ என்று குறைகூறுவது மட்டும் திறனாய்வு ஆகாது. எதை மாற்றினார்கள், எதற்காக மாற்றினார்கள், மாற்றிய பின்னும் முடிபு நிற்கிறதா என்பனவே கேட்கத்தக்க வினாக்கள்.

இவ்வினாக்களை எழுப்பிப் பார்க்க, உலகத் திரைப்பட வரலாற்றில் பெரிதும் போற்றப்படும் வரலாற்றுப் படமொன்றை இங்கு எடுத்துக்கொள்வோம். டேவிட் லீன் இயக்கத்தில் 1962 டிசம்பரில் வெளிவந்த ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்பதே அது. ஆஸ்கார் விருதுகள் ஏழினைப் பெற்ற படம். அதன் முதல்நூல், டி.இ. லாரன்ஸ் எழுதிய ‘அறிவின் ஏழு தூண்கள்’. முதல் உலகப் போரின்போது உதுமானியத் துருக்கியப் பேரரசை எதிர்த்து அரபு மக்கள் நடத்திய எழுச்சியே இரண்டிற்கும் களம். நம் மாணவர் பலர் அந்த எழுச்சியைப் பற்றி அறிந்திருப்பது இப்படத்தின் வாயிலாகவே. ஒரு மக்களினத்தின் விடுதலைப் போர் உலகத்தார் மனத்தில் எவ்வாறு பதிந்திருக்கிறது என்பது இந்த ஒப்பீட்டில் அடங்கியிருப்பதால், இதனை வெறும் கலைச்சுவை ஆய்வாகக் கொள்ளுதல் பொருந்தாது.

நூல் தோன்றிய கதை

நூலின் பிறப்பே ஒரு தனிக்கதை. 1919இல் லாரன்ஸ் எழுதத் தொடங்கினார். எழுதிய படியின் பெரும்பகுதியை அவ்வாண்டு இறுதியில் இங்கிலாந்தின் ரெடிங் இரயில் நிலையத்தில் தொலைத்துவிட்டார். நினைவிலிருந்து மீண்டும் எழுதினார். அதிலும் நிறைவின்றி மறுபடியும் எழுதினார். 1922இல் எட்டுப் படிகள் மட்டும் அச்சிடப்பட்டன. 1926இல் முன்பணம் செலுத்தியோருக்காக ஏறத்தாழ 200 படிகள் கொண்ட அழகிய பதிப்பு வந்தது. அவர் இறந்த 1935ஆம் ஆண்டிலேதான் பொதுமக்கள் கைக்கு முழுநூல் கிட்டியது. இது அரபு இயக்கத்தின் வரலாறு அன்று, அதில் தாம் கொண்ட பங்கின் கதையே என்று நூலாசிரியரே தொடக்கத்தில் கூறிவிடுகிறார். இந்த ஒப்புதலைப் படிப்போர் மறத்தலாகாது.

படத்திற்குத் திரைக்கதை எழுதியவர் இராபர்ட் போல்ட். அவருக்கு முன் மைக்கேல் வில்சன் எழுதிய வடிவமும் பயன்பட்டது. எனினும் அமெரிக்காவில் இடதுசாரிக் கலைஞர்கள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த சூழலில் அவர் பெயர் படத்தில் இடம்பெறவில்லை. 1995இல்தான் அவருக்கு உரிய மதிப்பு வழங்கப்பட்டது. லாரன்சின் தம்பியும் நூலுரிமையைக் கவனித்து வந்தவருமான ஏ.டபிள்யூ. லாரன்ஸ், திரைக்கதையைக் கண்டு மனம் நொந்து, நூலின் பெயரைப் படத்திற்குச் சூட்ட இசையவில்லை. ஐந்தடி ஐந்தங்குல உயரமே கொண்ட லாரன்சாக, ஆறடிக்கு மேல் வளர்ந்த பீட்டர் ஓடூல் நடித்தார். இத்தகைய வேறுபாடுகளைப் பெரிதுபடுத்த வேண்டுவதில்லை. நாடக அரசன் அரண்மனை அரசனைவிட உயரமாக இருப்பது உலகவழக்கே.

கிணற்றங்கரைக் காட்சி

படத்தின் புகழ்பெற்ற காட்சி கிணற்றங்கரையில் நிகழ்வது. லாரன்சும் வழிகாட்டி தஃபாசும் பாலைவனக் கிணறொன்றில் நீரருந்துகின்றனர். தொடுவானில் கானலினூடே ஒரு கரும்புள்ளி தோன்றுகிறது. அது மெல்ல மெல்ல வளர்ந்து ஒட்டகம் ஏறிய வீரனாகிறது. தஃபாஸ் துப்பாக்கியை எடுக்கிறான். வந்தவன் சுட்டு வீழ்த்துகிறான். வந்தவன் ஹாரிஸ் குலத்துத் தலைவன் ஷரீப் அலி. தன் கிணற்றில் பிற குலத்தான் நீர் குடித்தான் என்பதே கொலைக்குக் காரணம். எகிப்திய நடிகர் உமர் ஷரீஃபை உலகறியச் செய்த காட்சி இது. காட்சிக்கலை என்னும் அளவில் இதற்கு ஈடு சொல்வது அரிது. புள்ளி மனிதனாக மாறும்வரை காத்திருக்கும் அந்தப் பொறுமையைச் சொல்லால் ஆக்கிவிட இயலாது.

இனி நூலைப் புரட்டுவோம். லாரன்சும் தஃபாசும் மஸ்தூரா என்னுமிடத்துக் கிணற்றை அடைகின்றனர். அப்போது இருவர் ஒட்டகமேறி வருகின்றனர். ஒருவர் செல்வச் செழிப்பு மிக்க உடையில் இருக்கிறார். மற்றவர் ஏவலர் போல எளிய கோலத்தில் அவருக்குப் பணிசெய்கிறார். அவர்கள் நீரருந்திச் சென்றபின் தஃபாஸ் சிரிக்கிறான். வந்தவர்கள் உண்மையில் ஷரீப் அலியும் அவர் உறவினர் முஹ்சினும்; இருவரும் ஹாரிஸ் குலத் தலைவர்கள். கிணறோ அவர்களுக்குப் பகையான மஸ்ரூஹ் குலத்தாருடையது. தம்மை அடையாளம் கண்டு தடுத்துவிடுவார்களோ என்றஞ்சி, முதலாளியும் வேலையாளுமாக நடித்து நீரருந்திச் சென்றனர். தஃபாஸ் அதனை அறிந்தும் அறியாதான் போல இருந்து, அவர்கள் நடிப்பைச் சுவைத்துச் சிரிக்கிறான்.

எல்லாம் தலைகீழாகிவிட்டது. நூலில் கிணறு மஸ்ரூஹ் குலத்தாருடையது. படத்தில் அது அலியினுடையது. நூலில் பகைவர் நடுவே நகைச்சுவை, படத்தில் குருதி. நூலில் தஃபாஸ் பிழைத்திருந்து லாரன்சை ஃபைசலிடம் கொண்டு சேர்க்கிறான். படத்தில் மணலிற் கிடக்கிறான். இதனினும் கருதத்தக்க மற்றொன்று உண்டு. பாலைவனத்தின் ஒவ்வொரு கிணற்றிற்கும் மரத்திற்கும் உரிமையாளர் உண்டு என்றும், எனினும் வழிச்செல்வோர் தம் தேவைக்கேற்ப நீருண்ணவும் விறகெடுக்கவும் அவர்கள் தடைசெய்வதில்லை என்றும், அதனை வணிகமாக்க முயல்வோரையே தடுப்பர் என்றும் அதே நூலின் அப்பகுதியில் லாரன்ஸ் எழுதியிருக்கிறார். குலப்பகை இந்த வழக்கத்திற்கு விலக்கு. விலக்கினைக் காட்டிய படம் வழக்கத்தைக் காட்டவில்லை. தண்ணீருக்காகக் கொல்லும் கூட்டத்தினர் என்ற எண்ணத்தோடே அரபு மக்கள் பார்வையாளருக்கு முதன்முதல் அறிமுகமாகின்றனர். பின்னர் அலி பண்பட்ட மனிதனாக வளர்வதைப் படம் காட்டுவது உண்மையே. எனினும் அவ்வளர்ச்சி ஓர் ஆங்கிலேயன் நட்பால் விளைந்தது போலத் தோன்றும்படி அமைந்துவிட்டது.

இவ்விடத்தில் நம் இலக்கியத்தை ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம். உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டை மழை பெய்து ஆறு பெருகி நெல் விளையும் மருத நிலமாகவே பாடினார். தமிழ்க் காப்பிய மரபு அவரை அவ்வாறு பாட வைத்தது. நமக்குப் பாலை என்பதே முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் திரிந்த நிலம். அதில் ஊரும் உண்டு, எயினரும் உண்டு, வழிச்செல்லும் காதலரும் உண்டு. லீன் காட்டும் பாலையோ மனிதரே அற்ற வெறுமை. வாதி ரம் பகுதியின் செம்மணலும் பாறையும் எழுபது மில்லிமீட்டர் படச்சுருளில் பேரழகு கொண்டு விளங்குகின்றன. இருவரும் தத்தம் மரபுக்கேற்ப ஒரு நிலத்தைப் படைத்துக்கொண்டனர். எனினும் உமறு அந்நிலத்து மக்களை உயர்த்தவே நிலத்தை மாற்றினார்.

காசிமும் ஹாமிதும்

எல்லா மாற்றமும் குறையுடையது அன்று. காசிம் என்பவனின் கதையைப் பார்ப்போம். பாலையைக் கடக்கும்போது பின்தங்கிய காசிமை லாரன்ஸ் திரும்பிச் சென்று மீட்டு வருவது இரண்டிலும் உண்டு. நூலில் இது 1917 மே மாதத்தில் நிகழ்கிறது. காசிம் யாருக்கும் பிடிக்காதவன். திரும்பி வந்த லாரன்சை அவ்தா அபூ தாயி பாராட்டவில்லை. இவ்வளவு தகுதியற்றவனுக்காக உயிரைப் பணயம் வைத்ததற்குக் கடிந்துகொள்கிறார். படத்திலோ அது வெற்றி ஊர்வலம். அவ்வெற்றியின் பரிசாகவே லாரன்ஸ் வெண்ணிற அரபு உடை பெறுகிறார். நூலில் அவ்வுடை அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே ஃபைசல் கொடுத்தது. பட்டாளத்துக் காக்கி உடை துருக்கிய அதிகாரிகளை நினைவூட்டுமாதலால், தம் வீரர்கள் அவரைத் தம்மவராக ஏற்க வேண்டி, மக்காவிலிருந்த மூத்த உறவினர் தமக்கு அனுப்பியிருந்த திருமண உடையை ஃபைசல் அவருக்கு அளித்தார். வீரத்திற்குப் பரிசு என்பதைக் காட்டிலும் ஓர் அரபுத் தலைவரின் அரசியல் நுண்ணறிவு இதில் வெளிப்படுகிறது.

நூலில் ஹாமித் என்ற மொராக்கோ நாட்டவன் வேறொரு குழுவைச் சேர்ந்த சாலிம் என்பவனைக் கொன்றுவிடுகிறான். இரு குழுக்களிடையே பழிக்குப்பழி மூளாதிருக்க, எக்குலத்தையும் சாராத லாரன்ஸ் தம் கையாலேயே அவனைச் சுட நேர்கிறது. காசிமை மீட்டதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முந்திய நிகழ்ச்சி இது. படம் இவ்விருவரையும் ஒருவனாக்கிவிட்டது. தான் மீட்டெடுத்த அதே உயிரைத் தானே பறிக்க வேண்டிய நிலை லாரன்சுக்கு வருகிறது. இங்கே திரைக்கதை ஆசிரியர் முதல்நூலைவிட உயர்ந்து நிற்கிறார் என்றே கூறுவேன். தொகைவிரிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. ஊழ் உருத்து வந்து ஊட்டும் என்ற கருத்தில் வளர்ந்த தமிழ் மாணவருக்கு இதன் அவலம் உடனே விளங்கும்.

ஆயினும் ஒன்று. காசிம் இறப்பது விதி என்று அரபுப் பாத்திரங்கள் பேச, விதி என ஒன்றில்லை என லாரன்ஸ் மறுப்பதாகப் படம் அமைந்துள்ளது. விதியை நம்புவோர் முயற்சியற்றோர் என்பது இதன் உட்கிடை. ஒட்டகத்தை முதலில் கட்டிவிட்டுப் பின் இறைவனிடம் பொறுப்பை விடவேண்டும் என்னும் நபிமொழியில் பழகிய சமுதாயத்திற்கு இந்த எதிர்நிலை செயற்கையாகவே படும். நூலில் அவ்தா கடிந்துகொண்டது போர்த்தலைவர் ஒருவரின் கணக்கு: ஒரு மனிதனுக்காக மற்றொரு மனிதனையும் ஒட்டகத்தையும் இழப்பதா என்பதே அவர் எண்ணம்.

அகபா

அகபாத் துறைமுகத்தை நோக்கிக் குதிரைகளும் ஒட்டகங்களும் பாய, கடலை நோக்கியே நிலைநிறுத்தப்பட்ட துருக்கியப் பீரங்கி செயலற்று நிற்கும் காட்சியை எவரும் மறக்க முடியாது. படத்திற்காக அந்நகரை ஸ்பெயின் நாட்டுக் கடற்கரையில் எழுப்பினர். நூலின்படி உண்மைப் போர் நடந்தது அகபாவில் அன்று. உள்நாட்டில் உள்ள அபா அல்-லிசான் என்னுமிடத்தில், 1917 ஜூலை 2ஆம் நாள். துருக்கியர் 300 பேர் இறந்தனர், 160 பேர் சிறைப்பட்டனர், அரபுத் தரப்பில் இழப்பு இருவரே என்று லாரன்ஸ் கணக்குத் தருகிறார். அந்தப் பாய்ச்சலுக்குத் தலைமை தாங்கியவர் அவ்தா. லாரன்சோ பரபரப்பில் தம் ஒட்டகத்தின் தலையிலேயே சுட்டுவிட்டுக் கீழே விழுந்து கிடந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஜூலை 6ஆம் நாள் அகபாவினுள் அவர்கள் போரின்றியே புகுந்தனர்.

பயணத்திற்குத் தலைவராக ஃபைசல் அனுப்பியவர் மதீனாவைச் சேர்ந்த ஷரீப் நாசிர். படத்தில் அவர் இல்லை. அவருடைய பங்கு அலிக்கும் லாரன்சுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டது. நூலில் அவ்தா ஃபைசலின் கூடாரத்திற்குத் தாமே வந்து எழுச்சியில் சேர்கிறார். துருக்கியர் தந்த பொய்ப்பற்களோடு ஃபைசலின் உணவை உண்பதா என்று அவற்றைக் கல்லால் நொறுக்கிவிட்டுப் பட்டினியோடு திரிகிறார். அந்தோணி குவின் நடித்த படத்து அவ்தாவோ பொன் கிடைக்கும் என்ற ஆசைகாட்டி அழைத்துச் செல்லப்படுகிறவர். அகபாவில் பொன் இல்லையென்று கண்டு வெகுள்கிறவர். பிற்காலத்தில் அவர் துருக்கியரோடு இரகசியமாகக் கடிதப் போக்குவரத்து வைத்திருந்ததை லாரன்சும் எழுதியிருக்கிறார். அவர் குறையற்றவர் என்று யாரும் வாதிடவில்லை. ஆயினும் பொய்ப்பல்லை உடைத்த மனிதரும் பொற்பெட்டியைத் தேடும் மனிதரும் ஒருவரல்லர்.

வாக்குறுதியும் வஞ்சனையும்

துருக்கியரை வென்றால் அரபு நாடுகளுக்கு விடுதலை என்று மக்கா ஷரீப் ஹுசைனுக்குப் பிரிட்டன் நம்பிக்கை அளித்திருந்தது. அதே வேளையில், 1916 மே மாதத்தில் சைக்ஸ்–பீக்கோ உடன்படிக்கையின் வழி அந்நிலங்களைப் பிரான்சோடு பங்கிட்டுக்கொள்ளவும் இசைந்திருந்தது. படத்தில் லாரன்ஸ் இதனைப் போரின் பிற்பகுதியில், படைத்தலைவர் ஆலன்பியின் அலுவலகத்தில் கேட்டறிந்து அதிர்கிறார். ஐயமேனும் இருந்திருக்கும் என்று மற்றொரு பாத்திரம் அவரைக் குத்திக்காட்டுகிறது. அத்துடன் படம் நகர்ந்துவிடுகிறது. நூலில் நிலைமை வேறு. போரில் வென்றபின் இவ்வாக்குறுதிகள் செல்லாத தாளாகிவிடும் என்பதைத் தாம் முன்னரே உணர்ந்திருந்ததாகவும், உணர்ந்தும் அம்மக்களைப் போருக்கு ஊக்கியதாகவும், அதற்காக ஓயாது வெட்கியதாகவும் அவர் எழுதுகிறார். ஏமாற்றப்பட்ட வீரனைப் படம் காட்டுகிறது. அறிந்தே ஏமாற்றுக்குத் துணைநின்ற மனிதனை நூல் காட்டுகிறது. இலக்கியம் என்ற முறையில் எனக்கு இரண்டாமவனே மேலானவனாகத் தோன்றுகிறான். தன்னைத் தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் ஆசிரியர்கள் உலகில் மிகச் சிலரே.

டமாஸ்கஸ்

இனி முடிபுக்கு வருவோம். 1918 அக்டோபர் முதல் நாள் டமாஸ்கஸ் நகரம் கைக்கு வந்தது. படத்தில் நகர மன்றத்தினுள் குலத்தலைவர்கள் மேசைமீது ஏறிநின்று சண்டையிடுகின்றனர். தொலைபேசி இயங்கவில்லை, மின்விளக்கு அணைகிறது, தீயை அணைக்க நீரில்லை. ஆலன்பி ஒன்றும் செய்யாது காத்திருக்கிறார். சில நாட்களில் அரபுப் படையினர் சலித்துப் பாலைவனத்திற்கே திரும்பிவிடுகின்றனர். மருத்துவமனையில் துருக்கிய நோயாளர்கள் கவனிப்பாரற்று மடிகின்றனர். நகரின் நீர்நிலையத்தை ஆங்கிலேயர் நடத்த, அதன்மேல் அரபுக் கொடி பறக்கலாம் என்ற பேரத்தோடு கதை முடிகிறது.

நூலின் இறுதி இயல்கள் இதற்கு நேர்மாறானவை. துருக்கியர் விட்டுச்சென்ற நகரம் சீர்குலைந்திருந்தது உண்மை. நீர்க்கால்வாய்களில் மனிதரும் விலங்குகளும் செத்துக் கிடந்தனர், இரயில் நிலையத்தில் வெடிமருந்து எரிந்துகொண்டிருந்தது, உணவில்லை. அல்ஜீரிய மரபில் வந்த சகோதரர் இருவர் கலகம் எழுப்ப, அதுவும் அடக்கப்பட்டது. ஷுக்ரி பாஷா பொறுப்பேற்றார். காவல், குடிநீர், மின்சாரம், துப்புரவு, உணவு வழங்கல், நாணயம், இரயில்பாதை என ஒவ்வொன்றுக்கும் ஆட்கள் அமர்த்தப்பட்டனர். முதல்நாள் மாலையிலேயே தெருவிளக்குகள் எரிந்தன. மருத்துவமனைக் கொடுமை நூலிலும் உண்டு. ஆயினும் அது தூய்மை செய்யப்பட்டதும் அங்கே உண்டு. அன்றிரவு நகரத்து மினாராக்களிலிருந்து எழுந்த இறுதித் தொழுகை அழைப்பையும், டமாஸ்கஸ் மக்களுக்காக முஅத்தின் இறைவனுக்கு நன்றி கூறியதையும் கேட்டு, அந்த மகிழ்ச்சியில் பங்கேற்க இயலாத அந்நியனாகத் தாம் நின்றதை லாரன்ஸ் எழுதும் பகுதி நூலின் சிகரங்களுள் ஒன்று. இருநூறு நிமிடங்களுக்கு மேல் ஓடும் படத்தில் இதற்கு இடம் கிடைக்கவில்லை.

காசிமை ஹாமிதோடு இணைத்தது நன்னூலார் இசையும் வேறுபாடு. டமாஸ்கசில் நிகழ்ந்திருப்பதோ முடிபையே மாற்றுதல். அரபு மக்கள் தம்மைத் தாமே ஆளத் தொடங்கினர் என்பது நூலின் முடிபு. அவர்களால் ஆள இயலவில்லை என்பது படத்தின் முடிபு. வரலாறு நூலின் பக்கமே சாய்கிறது. ஃபைசலின் ஆட்சி சிரியாவில் ஏறத்தாழ இருபத்திரண்டு மாதங்கள் நிலைத்தது. 1920 மார்ச்சில் அவர் மன்னராக அறிவிக்கப்பட்டார். அவ்வாட்சி கவிழ்ந்தது உட்பூசலால் அன்று. 1920 ஜூலை 24இல் மைசலூன் களத்தில் பிரெஞ்சுப் படை பீரங்கிகளோடும் வானூர்திகளோடும் வந்து அதனைத் தகர்த்தது. மின்விளக்கு அணைந்ததால் ஓர் அரசு வீழ்ந்தது என்று காட்டுவது, விளக்கை அணைத்தவரைக் காட்டாமல் விடுவதாகும்.

நூலையும் அப்படியே ஏற்றுக்கொள்ளல் ஆகுமா என்று கேட்கலாம். ஆகாது. ஜார்ஜ் அந்தோனியஸ் 1938இல் வெளியிட்ட ‘அரபு விழிப்புணர்ச்சி’ என்னும் நூல் இவ்வெழுச்சியை அரபு மக்களின் நெடிய அரசியல் வளர்ச்சியின் பகுதியாக விளக்கியது. படம் வெளியான அதே 1962இல், ஜோர்தானிய வரலாற்றாசிரியர் சுலைமான் மூசா லாரன்சைப் பற்றி அரபியில் ஒரு நூல் வெளியிட்டார். 1966இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. போரில் பங்கேற்று அப்போது உயிரோடிருந்த முதியோரைக் கண்டு பேசி, அரபு ஆவணங்களையும் ஆராய்ந்து, லாரன்ஸ் தம் பங்கைப் பல இடங்களில் மிகைப்படுத்தினார் என்றும் அகபாத் திட்டத்தின் பெருமை அரபுத் தலைவர்களையே சாரும் என்றும் அவர் வாதிட்டார். அவ்வாதங்கள் அனைத்தையும் பிற ஆய்வாளர் ஏற்றுக்கொள்ளவில்லை. எனினும் ஷரீப் நாசிரைப் போலப் படத்திலிருந்து மறைந்தவர்களும், நூலில் ஓரத்தில் நின்றவர்களும் அந்நூலில்தான் நடுவே வந்து நின்று பேசுகின்றனர்.